வாசல் விளக்கை மட்டும் போடுங்கள்

அத்தியாயம் மூன்று

களவு போனது ஒன்றுமில்லை. பூட்டு உடையவில்லை, கண்ணாடி நொறுங்கவில்லை. ஆனாலும் மாலை நாலு மணிக்கு ஒரு பெண்ணின் பதினொரு வருட வேலை போகவிருந்தது.

மூக்குக்கண்ணாடி வில்லைகளைத் தேய்த்து மெருகேற்றும் தொழிற்சாலை அது. கீழ்த்தளத்தில் பன்னிரண்டு இயந்திரங்கள் ஓட, மாடியில் மேலாளர் மேசைமேல் இருந்த தண்ணீர் சின்னச் சின்ன வளையமாக நடுங்கிக்கொண்டிருந்தது. மேலாளர் வலது கையில் ஒரு ரப்பர் பந்தை வைத்து அமுக்கிக்கொண்டிருந்தார். அமுக்கினார், விட்டார், மறுபடி அமுக்கினார்.

"மொத்தம் இருபத்தெட்டு தடவை" என்றார். "ரெண்டு வாரத்துல. என்னைத் தவிர யாரும் தொடக் கூடாத கோப்பு. ஒவ்வொருத்தருக்கும் நான் போடற வருஷ மதிப்பெண் அதுலதான் இருக்கு. திறந்தது யாருன்னு கம்ப்யூட்டரே எழுதி வச்சிருக்கு, பாருங்க."

தாளில் இருபத்தெட்டு வரிகள். ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரே சொற்கள்: திறந்தவர், பதிவறை எழுத்தர்.

"இருபத்தெட்டா!" என்றாள் சில்வண்டு. "என் கல்யாண ஆல்பத்தைக்கூட நான் அத்தனை தடவை திறந்ததில்ல."

"வாயை மூடு" என்றார் அண்ணி அன்பாக.

அண்ணி என்பது அவருடைய பெயரல்ல. கணவரின் தங்கை சில்வண்டு அப்படிக் கூப்பிடப் போய், வழக்கோடு வருகிறவர்கள் எல்லாருக்கும் அவர் அண்ணியாகிவிட்டார். பதினெட்டு வருடம் கணினித் தணிக்கை வேலை பார்த்துவிட்டு, இப்போது இப்படிப்பட்ட சிக்கல்களை அவிழ்த்துக்கொண்டிருந்தார். சில்வண்டுக்கும் அது பிறந்தபோது வைத்த பெயரல்ல என்று சொல்லத் தேவையில்லை. அவள் இரண்டு நிமிடம் பேசாமல் இருந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள்.

கையெழுத்துப் போடுமுன் வெளியாள் ஒருவர் பார்த்துச் சொல்லட்டும் என்று இவர்களை அழைத்தவர் தொழிற்சாலையின் இயக்குநர். அவர் நாலு மணிக்கு வருவார். வேலைநீக்கக் கடிதம் மேசைமேல் தயாராக இருந்தது. அதில் 'நம்பத் தகாதவர்' என்று ஒரு சொல். அந்தச் சொல்லோடு வெளியே போகிறவருக்கு வேறு எந்த அலுவலகமும் நாற்காலி போடாது.

கதவோரம் நின்றிருந்தார் பதிவறை எழுத்தர். ஐம்பதை நெருங்கும் பெண்மணி. கைக்குட்டையை நாலாக மடித்து, எட்டாக மடித்து, அதற்குமேல் மடிக்க முடியாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நான் திறக்கல சார். மாசக் கடைசியில நீங்க சொன்னா மட்டும் அந்தக் கோப்பை அடுக்கி வைப்பேன். அதோட சரி."

"உங்க பேர்லதானே வந்திருக்கு? கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?"

"சொல்லாது சார்" என்றார் அண்ணி. "ஆனா கேட்டதுக்கு மட்டும்தான் பதில் சொல்லும். நாம இதுவரைக்கும் 'யாரு'ன்னு மட்டும் கேட்டிருக்கோம். 'எங்கிருந்து'ன்னு கேக்கவே இல்ல."

சில்வண்டின் கண் அதற்குள் அறையைச் சுற்றிவிட்டு மேலாளரின் கணினித் திரையில் வந்து நின்றது. திரையின் வலது மேல் மூலையில் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது.

"'யாரையும் நம்பாதே. கடவுச்சொல்லைக் காப்பாற்று'" என்று உரக்கப் படித்தாள். "நீங்க எழுதினதா சார்? கையெழுத்து தள்ளாடுதே!"

"இடது கையால எழுதினேன்" என்றார் மேலாளர் விறைப்பாக.

"ரெண்டு கையாலயும் நம்ப மாட்டீங்க போல."

அண்ணி எழுந்தார். எழுந்தவர் ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டார். எந்த வழக்கிலும் முதல் அடி வைக்குமுன் அவர் செய்வது இது.

படியிறங்கும்போது சில்வண்டு கேட்டாள்: "இன்னைக்கு யாருக்காக வேண்டிக்கிட்டீங்க? அந்த அக்காவுக்கா?"

"ரெண்டு பேருக்கும். செஞ்சவங்க யாரோ, அவங்களுக்கும் சேர்த்து."

"இப்படியே போனா குத்தவாளிங்க நம்மகிட்ட வரிசையில வந்து நிப்பாங்க அண்ணி."

*

சர்வர் அறை மார்கழிக் குளிராக இருந்தது. அங்கே கணினிகளைக் கவனித்துக்கொண்டிருந்தவர் வெயில் காலத்திலும் ஸ்வெட்டர் போட்டவர். அதனால் சில்வண்டு அவருக்கு அந்த நிமிடமே 'ஸ்வெட்டர்' என்று பெயர் வைத்துவிட்டாள். எழுத்தரம்மாவையும் அண்ணி உடன் அழைத்து வந்திருந்தார். வழியில் அவருக்கு ஒரு டீ வாங்கிக் கையில் கொடுத்திருந்தார். "குடிங்க. கையும் சூடாகும்."

மணி ஒன்று ஐம்பது.

"இங்கே எல்லாருக்கும் ஒரே லாகின்தானே?" என்று கேட்டார் அண்ணி.

"ஆமாங்க" என்றார் ஸ்வெட்டர். "காலையில ஒரு தடவை பேரும் கடவுச்சொல்லும் கொடுத்தா போதும். இந்த சர்வர் ஒரு சீட்டு கொடுக்கும். அந்தச் சீட்டைக் காட்டினா வருகைப் பதிவு, சரக்கு, கோப்பறை எல்லாம் திறக்கும். மறுபடி யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க."

"சினிமா தியேட்டர்ல கையில முத்திரை குத்துவாங்களே, அது மாதிரி" என்றாள் சில்வண்டு.

"அதேதான்."

"யார் வந்தாங்கன்னு உங்க லாக் பதிவு சொல்லுது. எந்தக் கணினியிலிருந்து, எந்தச் சீட்டைக் காட்டி வந்தாங்கன்னு சொல்லலையே?"

ஸ்வெட்டர் முகம் மாறியது. "அது வேணும்னா... டீபக் போடணும்."

"போடுங்க."

"மாட்டேன்."

அவர் சொன்ன வேகத்தில் சில்வண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். அண்ணியின் காதில், "பயப்படறாரு, பார்த்தீங்களா?" என்றாள். மெதுவாகச் சொன்னதாக அவளுக்கு நினைப்பு.

"பயம்தாங்க!" என்றார் ஸ்வெட்டர். "டீபக் போட்டா சர்வர் ஒவ்வொரு மூச்சையும் எழுதி வைக்கும். மூணு வருஷம் முன்னாடி ஒரு வெள்ளிக்கிழமை போட்டுட்டு அணைக்க மறந்துட்டேன். திங்கட்கிழமை வந்து பார்த்தா டிஸ்க் நிரம்பி வழியுது. கீழே பன்னிரண்டு மெஷினும் நின்னுபோச்சு. மேலாளர் மூணு மாசம் எங்கிட்ட பேசவே இல்ல."

"அது தண்டனையா, பரிசா?"

ஸ்வெட்டர் சிரித்துவிட்டார். பிறகு சிரித்ததற்காக வருந்தினார்.

அண்ணி நாற்காலியை அருகே இழுத்துப் போட்டார். "வீடு முழுக்க விளக்கு போடச் சொல்லல. வாசல் விளக்கை மட்டும் போடுங்க. சீட்டு கொடுக்கற பகுதி, அதைச் சரிபார்க்கற பகுதி, ரெண்டுக்கு மட்டும் டீபக். மத்ததெல்லாம் இருக்கறபடி இருக்கட்டும். நாலு மணிக்கு முன்னாடி அணைச்சிடலாம். மறக்காம இருக்க இதோ, ஒரு உயிருள்ள அலாரம் கூட்டிட்டு வந்திருக்கேன்."

"நான் நல்லா அடிப்பேன்" என்றாள் சில்வண்டு.

"சர்வரை நிறுத்தி ஓட்டணுமா?" என்று கேட்டார் அண்ணி.

"வேண்டாம்" என்றார் ஸ்வெட்டர் யோசித்தபடி. "நிர்வாகப் பக்கத்துலயே மாத்தலாம். உடனே பிடிச்சுக்கும்." எழுத்தரம்மாவின் கைக்குட்டையை அவர் ஒரு தடவை பார்த்தார். "போன வருஷம் எனக்குக் காய்ச்சல்னு பத்து நாள் வராம இருந்தேன். வருகைப் பதிவுல குழப்பம் வராம இந்த அம்மாதான் பார்த்துக்கிட்டாங்க" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, சுட்ட சட்டியைத் தொடுகிறவர்போல மவுஸில் கை வைத்தார்.

திரையில் நீளமான பட்டியல். சர்வரின் ஒவ்வொரு பகுதிக்கும் எதிரே அது எவ்வளவு பேச வேண்டும் என்ற அளவு. உள்நுழைவுப் பகுதிக்கு எதிரே 'தகவல்' என்று இருந்தது. அதை 'டீபக்' என்று மாற்றிச் 'சேமி'யை அழுத்தினார். அதுவரை இரண்டு சொல்லில் பேசிக்கொண்டிருந்த சர்வர் வாய் திறந்தது. வரிமேல் வரியாகக் கொட்டியது.

"உன் இனம்டி" என்றார் அண்ணி.

சாப்பாடு முடிந்து திரும்புகிறவர்களின் வரிகள் வந்துகொண்டிருந்தன. சில்வண்டு ஆவலோடு குனிந்தாள். "அடடே, மெருகுப் பகுதி ஆறாம் கணினி! இருபது நிமிஷம் லேட்டு! தபால் பகுதியில யாரோ கடவுச்சொல்லை மூணு தடவை தப்பா..."

அண்ணி தன் குறிப்பேட்டைத் திரைமேல் வைத்து மறைத்தார். "அது நம்ம வழக்கு இல்ல. விளக்கு வெளிச்சத்துல அடுத்த வீட்டு ஜன்னலும் தெரியும். அதுக்காகப் பார்த்துட்டு நிக்கக் கூடாது."

"கொஞ்சமா?"

"கொஞ்சமும்."

ஸ்வெட்டர் வேறு வரிகள் வராதபடி, எழுத்தரம்மாவின் பெயர் வரும் வரிகள் மட்டும் தெரியும்படி செய்தார். திரை அமைதியானது. நாலு பேரும் காத்திருந்தார்கள். அண்ணி மேலாளர் கொடுத்த தாளை எடுத்து, பென்சிலால் நாள்வாரியாகக் கோடு போட்டார். முதல் வாரம் தினம் ஒன்று. இரண்டாம் வாரம் திங்கள் ஆறு, செவ்வாய் எட்டு, புதன் ஒன்றுமில்லை, வியாழன் ஒன்பது.

"புதன்கிழமை நீங்க வேலைக்கு வந்தீங்களாம்மா?"

"வந்தேனே. காலையிலிருந்து சாயங்காலம் வரை பதிவறையிலதான் இருந்தேன்."

அண்ணி புதனைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

இரண்டு இருபத்திரண்டுக்குத் திரை அசைந்தது.

கோப்பு திறக்கப்பட்டது. பெயர்: பதிவறை எழுத்தர். கணினி எண்: 11.

மூன்று பேரும் சேர்ந்தாற்போல எழுத்தரம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் இரண்டு கையாலும் டீக் குவளையைப் பிடித்தபடி விழித்தார். "நான் இங்கேதானே இருக்கேன்?" என்றார், தனக்கே சந்தேகம் வந்தவர்போல.

"இருக்கீங்க அக்கா, இருக்கீங்க! உங்க பேர் மட்டும் தனியா உலாத்தப் போயிருக்கு" என்றாள் சில்வண்டு. "பதிவறைக் கணினி எத்தனையாம் நம்பர்?"

"நாலு."

"அப்போ பதினொண்ணு யாரோடது?"

ஸ்வெட்டர் கணினிகளின் பதிவேட்டைப் புரட்டினார். விரல் பதினொன்றில் வந்து நின்றது. அந்தக் குளிரிலும் அவர் நெற்றியில் வேர்வை பூத்தது.

"என்ன போட்டிருக்கு?"

"உதிரி" என்றார் ஸ்வெட்டர். "சர்வர் அறை."

சில்வண்டு மெதுவாக எழுந்து கதவருகே போனாள். சுவரில் விடுப்புப் பலகை தொங்கியது. "அண்ணி, புதன்கிழமை லீவு யாரு தெரியுமா? முதல் பேரே நம்ம ஸ்வெட்டர். அவர் வராத நாள்ல கோப்பை யாரும் திறக்கல. டீபக் போட மாட்டேன்னு அடம் பிடிச்சதும் அவர்தான். கதவைச் சாத்தவா?"

"நான் உங்க கண்ணு முன்னாடியே நிக்கறேனே!"

"அதுதான் சாமர்த்தியம்."

"உட்காரு" என்றார் அண்ணி. அவர் பார்வை மூலையில் இருந்த அலமாரிமேல் இருந்தது. பழைய விசைப்பலகைகள், கேபிள் சுருள்கள், எல்லாவற்றின்மேலும் ஒரே சீராகத் தூசி. நடுத்தட்டில் மட்டும் கணினி அளவுக்கு ஒரு செவ்வகம் துடைத்ததுபோலச் சுத்தமாக இருந்தது. "அங்கே இருந்தது எங்கே ஐயா?"

ஸ்வெட்டர் தலையைச் சொறிந்தார். "அதைத்தான்... ஆ! பதிவேட்டுல மாத்த மறந்துட்டேன். நாப்பது நாள் இருக்கும். மேலாளர் கேபிள்ல கால் இடறி விழுந்தாரே, அப்போ கம்ப்யூட்டரையும் கட்டிப் பிடிச்சுக்கிட்டே விழுந்தார். அது உடைஞ்சுபோச்சு. அவர் மணிக்கட்டும் உடைஞ்சுபோச்சு. உதிரியைத் தூக்கிட்டுப் போய் அவர் மேசையில வச்சேன்."

அண்ணியின் பென்சில் தாளில் புதனைச் சுற்றியிருந்த வட்டத்தில் போய் நின்றது.

"பலகையில ரெண்டாவது வரியைப் படி" என்றார் அண்ணி.

சில்வண்டு படித்தாள். "புதன். மேலாளர். கை பரிசோதனை." அவள் வாய் ஒரு வட்டமாகத் திறந்தது. "ஐயையோ."

அண்ணி திரையில் அடுத்த வரியைப் பென்சிலால் தொட்டார். டீபக் இல்லாமல் அந்த வரி வந்திருக்காது. சீட்டு கொடுத்த நாள்: நாற்பது நாளுக்கு முன். "சீட்டு இவ்வளவு நாள் செல்லுமா?"

"'என்னை நினைவில் வை'ன்னு ஒரு கட்டம் இருக்கும். அதுல டிக் பண்ணிட்டா நாப்பத்தஞ்சு நாள் கேக்காது."

எழுத்தரம்மா குவளையைக் கீழே வைத்தார். "நான்தான் பண்ணினேன்" என்றார்.

எல்லாரும் திரும்பினார்கள்.

"அன்னைக்கு அவர் கையில மாவுக்கட்டு. சாயங்காலத்துக்குள்ள ஒரு பட்டியல் அனுப்பணும். இடது கையால கடவுச்சொல்லை அடிச்சு அடிச்சுப் பார்த்தார், வரல. முகமெல்லாம் வலி. பார்க்கப் பாவமா இருந்துச்சு. என் பேர்லயே திறந்து நானே அடிச்சு அனுப்பினேன். அடிக்கடி கேட்டா கஷ்டப்படுவாரேன்னு அந்தக் கட்டத்துலயும் டிக் பண்ணினேன். மறந்தே போயிட்டேம்மா. சொல்லற அளவுக்குப் பெரிய விஷயமா அது?" கைக்குட்டை மறுபடி மடிய ஆரம்பித்தது. "நம்ம பேர்ல இன்னொருத்தரை விடறது தப்புதானே? அதுக்கும் வேலை போகுமோ?"

"தப்புதான்" என்றார் அண்ணி. "அதை நீங்களே அவர்கிட்ட சொல்லிடுங்க. இரக்கத்துல செஞ்ச தப்பைச் சொல்லறதுக்கு வெட்கப்பட வேண்டாம். நான் பக்கத்துல நிப்பேன்."

*

மூன்று இருபது. மேலாளர் பந்தை அமுக்கிக்கொண்டிருந்தார்.

"கண்டுபிடிச்சிட்டீங்களா? இப்பக்கூட மறுபடி திறந்திருக்காங்க! அஞ்சு நிமிஷம் முன்னாடிதான் பார்த்தேன்."

"தெரியும் சார்" என்றாள் சில்வண்டு பெருமூச்சோடு. "நாங்களும் பார்த்தோம்."

அண்ணி தொலைபேசியை எல்லாரும் கேட்கும்படி மேசைமேல் வைத்தார். மறுமுனையில் ஸ்வெட்டர். "ஒரு உதவி சார். அந்தக் கோப்பை இப்ப ஒரு தடவை திறங்க."

மேலாளர் திறந்தார்.

"வந்துடுச்சு" என்றது தொலைபேசி. "கோப்பு திறக்கப்பட்டது. பெயர், பதிவறை எழுத்தர். கணினி பதினொண்ணு."

மேலாளர் சட்டென்று எழுத்தரம்மாவைப் பார்த்தார். அவர் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். கையில் கைக்குட்டை தவிர ஒன்றுமில்லை.

"இன்னொரு தடவை" என்றார் அண்ணி.

"வந்துடுச்சு. பதிவறை எழுத்தர். பதினொண்ணு."

"சார், உங்க மேசைக்கு அடியில இருக்கற பெட்டியில ஒரு எண் ஒட்டியிருக்கும்" என்றார் அண்ணி. சில்வண்டு அதற்குள் குனிந்து பார்த்துவிட்டு இரண்டு கையிலும் ஒவ்வொரு விரலை நிமிர்த்திக் காட்டினாள். ஒன்று, ஒன்று.

அண்ணி மஞ்சள் சீட்டை மூலையிலிருந்து மெதுவாக உரித்தார். கிழியாமல் வந்தது. அதன் அடியில், திரையில், சின்ன எழுத்தில், நாற்பது நாளாக யாரும் படிக்காத ஒரு வரி இருந்தது.

வணக்கம், பதிவறை எழுத்தர்.

ரப்பர் பந்து கீழே விழுந்து, இரண்டு தடவை குதித்து, கதவோரம் போய் நின்றது.

"கட்டு பிரிச்சு வேலைக்கு வந்ததும் மெஷினைப் போட்டேன்" என்றார் மேலாளர். "கடவுச்சொல் கேக்காமலே திறந்துச்சு. நல்ல மெஷின்னு நினைச்சேன்."

"முதல் வாரம் தினம் ஒரு தடவை திறந்து மதிப்பெண் போட்டிருக்கீங்க" என்றார் அண்ணி. குரலில் குத்தல் இல்லை. "திங்கட்கிழமை 'கடைசியாகத் திறந்தவர்'னு இவங்க பேரைப் பார்த்தீங்க. சந்தேகம் வந்துச்சு. மறுபடி திறந்தாங்களான்னு பார்க்க நீங்க திறந்தீங்க. அதுவும் இவங்க பேர்லயே விழுந்துச்சு. சந்தேகம் கூடக் கூட ஆறு எட்டாச்சு, எட்டு ஒன்பதாச்சு. நீங்க மருத்துவரைப் பார்க்கப் போன புதன்கிழமை, ஒண்ணுமே இல்ல."

"உங்க காலடியை நீங்களே அளந்து, அதுக்குப் பொருந்தற செருப்பு யாருதுன்னு ஊரெல்லாம் தேடியிருக்கீங்க சார்" என்றாள் சில்வண்டு.

இந்த முறை அண்ணி அவளை அடக்கவில்லை.

எழுத்தரம்மா ஒரு அடி முன்னால் வந்தார். "சார், உங்க மெஷின்ல என் பேரை விட்டுட்டு வந்தது என் தப்பு. கட்டத்துல டிக் பண்ணினதும் நான்தான். அதைச் சொல்லிடணும்னு..." பந்து காலடியில் கிடப்பதைப் பார்த்துக் குனிந்து எடுத்து, மேசைமேல் வைத்தார். "கை இப்ப எப்படி சார் இருக்கு? விரலெல்லாம் மடங்குதா?"

மேலாளர் வேலைநீக்கக் கடிதத்தை எடுத்தார். வலது கைக்கு அதை ஒரே இழுப்பில் கிழிக்கும் வலு இன்னும் வரவில்லை. இரண்டு தடவை முயன்றார். பிறகு சிறு சிறு துண்டாக, பொறுமையாகக் கிழித்தார். மருத்துவர் சொன்ன பயிற்சிகளிலேயே அன்றைக்கு அவர் செய்த நல்ல பயிற்சி அதுதான்.

"இயக்குநர்கிட்ட நானே சொல்றேன்" என்றார். "எல்லாத்தையும்."

திரையில் 'வெளியேறு' என்பதை அழுத்தினார். பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் வெற்றுக் கட்டங்கள் வந்தன. விறைத்த விரல்களால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தார். ஒரு தடவை தப்பாயிற்று. எழுத்தரம்மாவின் கை தானாக முன்னால் நீண்டது.

"அக்கா!" என்றாள் சில்வண்டு.

கை பின்வாங்கியது. "நீங்களே அடிங்க சார்" என்றார் எழுத்தரம்மா, புன்னகையோடு. "நான் திரும்பி நின்னுக்கறேன்."

இரண்டாம் தடவை திறந்தது.

"வந்துடுச்சு" என்றது தொலைபேசி, உற்சாகமாக. "பெயர், மேலாளர். கணினி பதினொண்ணு. சீட்டு, இன்னைக்குக் கொடுத்தது! கோப்பைத் திறந்திருக்கார். ஏதோ மாத்த..."

"ஐயா" என்றார் அண்ணி. "விளக்கை அணைச்சிடுங்க."

"இப்பவேவா? இன்னும் அரை மணி நேரம் இருக்கே?"

"கீ கீ கீ கீ!" என்று தொலைபேசியில் வாய் வைத்துக் கத்தினாள் சில்வண்டு. "அலாரம் அடிச்சாச்சு!"

மறுமுனையில் சிரிப்புச் சத்தமும் மவுஸ் தட்டும் ஒலியும் கேட்டன. சர்வர் மறுபடி இரண்டு சொல்லில் பேசும் பழைய சுபாவத்துக்குத் திரும்பியது.

மேலாளர் கோப்பில் யாருடைய வரிக்குப் போனார், எந்த மதிப்பெண்ணை அழித்தார், எதை எழுதினார் என்பது எந்த லாகிலும் இல்லை. அண்ணி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். சில்வண்டு எட்டிப் பார்க்கக் கழுத்தை நீட்டினாள். அண்ணியின் கை அவள் முகத்தைப் பிடித்து, பேசாமல், ஜன்னல் பக்கமே திருப்பி வைத்தது.